மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி பிளக்கை மாத்து

வா தம்பி, உக்காரு. மாடி ரூம் வாடகையைக் குடுக்க வந்தியோன்னு ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டுட்டேன். குளச்சல்ல உங்கப்பாவோட படகு மோட்டாரை மாத்தலாமா வேணாமான்னு கேக்க வந்திருக்கியா? ஒரகடத்துல பொறந்து, ஏரித் தண்ணியத் தவிர வேற தண்ணியில காலு வைக்காத கெழவன்கிட்ட வந்து கடல் மோட்டாருக்கு யோசனை கேக்குற. கேளு. எனக்குக் கடலைப் பத்தித் தெரியாது, கடனைப் பத்தி நல்லாத் தெரியும். “மாத்தலாமா”ன்னு கேக்கறவங்கள்ல பாதிப்பேரு மனசுக்குள்ள மாத்திட்டுத்தான் கேக்கறாங்க. அதுக்கு “ஆமா”ன்னு சொல்ல ஒரு பெரிய மனுசன் தேவைப்படுது.

உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. இந்த ஊரு காத்தே அப்படி. 1998ல இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் உருள ஆரம்பிச்சுது. 2010ல ரெனால்ட் நிஸான் இங்க வந்துச்சு. நாள் பூரா புதுசையே பாத்துட்டு ஷிப்ட் முடிஞ்சு வர்றவன் கண்ணுக்குப் பழசெல்லாம் குத்தமாத்தான் தெரியும். ஆனா ஒரு வேடிக்கை பாரு. 2013ல இருந்து ராயல் என்ஃபீல்டு இதே ஒரகடத்துல பைக் செய்யுது. தாத்தா காலத்து வண்டி மாதிரியே இருக்கணும்னு தவணை கட்டி அத்தப் புதுசா வாங்கறீங்க. நெஜமாவே தாத்தா காலத்து மோட்டார் வீட்டுல கெடந்தா எடைக்குப் போடப் பாக்கறீங்க. பழசாத் தெரியறதுக்குக் காசு, பழசா இருக்கறதுக்கு ஏளனமா?

சரி, மோட்டார் இன்னா பண்ணுது? காலையில கயிறு இழுத்தா லேசுல புடிக்கல, சூடாவுது, புகை தள்ளுது. அவ்ளோதானே? கரைக்கு வரும்போது உங்கப்பா மண்ணெண்ணெயை மூடிட்டுக் கொஞ்ச நேரம் பெட்ரோல்ல ஓட்டி நிறுத்தறாரான்னு கேளு. அவசரத்துல அப்படியே நிறுத்தினா கார்ப்பரேட்டர்ல மண்ணெண்ணெய் தங்கிடும், மறுநாள் காலையில அது எப்படிப் புடிக்கும்? பிளக்கைக் கழட்டிப் பாக்கச் சொல்லு. கரி அப்பிக்கினு இருந்தா அதுக்கு நூறு எரநூறுல மருந்து இருக்கு, லட்சம் வேணாம்.

சூடாவுதுன்னா, ஓடும்போது பின்பக்கத் துவாரத்துல தண்ணி பீச்சுதான்னு பாக்கணும். பீச்சலன்னா உள்ள இருக்கிற இம்பெல்லர் ரப்பர் தேஞ்சிருக்கும், இல்லன்னா உப்பு அடைச்சிருக்கும். வேலை முடிஞ்சதும் நல்ல தண்ணி விட்டு அலசற வழக்கம் உண்டான்னும் கேளு. அடுத்தது கீழ இருக்கிற கியர் ஆயில். வடிச்சுப் பாத்தா பால் மாதிரி வெளுத்திருந்தா சீல் போயி தண்ணி உள்ள எறங்கியிருக்கு. சீல் மாத்தினா தீர்ந்துது. ஆனா பல்லு தேயறதுக்கு முன்னாடி மாத்தணும். பங்குல வர்ற பெட்ரோல்ல இப்ப 20 சதவீதம் எத்தனால் கலக்கறாங்க. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கும். அந்தக் குழாய்ங்களையும் ஒரு தடவை பாத்துடச் சொல்லு.

இது எல்லாத்தையும் பாத்த பிறகுதான் கம்ப்ரஷன். பிளக் துளையில கேஜ் வச்சுக் கயிறு இழுத்தா ஒவ்வொரு சிலிண்டரும் எவ்ளோ அழுத்தம் குடுக்குதுன்னு காட்டும். ரெண்டும் நல்ல அழுத்தத்தோட கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தா மோட்டாருக்கு இன்னும் உசுரு இருக்கு. பத்துல ஒரு பங்குக்கு மேல ஒண்ணு கொறைஞ்சா ரிங்கோ போரோ தேஞ்சு போச்சுன்னு சந்தேகப்படு. அப்பத்தான் “மாத்தலாமா”ன்னு கேக்கறதுக்கு உனக்கு யோக்கியதை வருது.

மெக்கானிக் வந்து “இது இனிமே ஸ்கிராப்புதாம்பா”ன்னு சொன்னா பதறாத. “அப்ப நீயே எடுத்துக்கோ, இன்னா வெலை குடுப்ப?”ன்னு கேளு. எடைக்கு எடை பழைய இரும்பு வெலை சொன்னான்னா நல்லவன். “பரவால்ல, ஒரு வெலை போட்டு நானே வச்சுக்கறேன்”னு கண்ணு மின்னிச்சுன்னா, மோட்டாரைத் தூக்கித் தோள்ல வச்சுகினு வீட்டுக்கு வந்துடு.

புதுசுதான் வேணும்னு நின்னா, கம்பெனிப் பேரைப் பாத்து மயங்காத. அமெரிக்காவுல மில்வாக்கியில ஓலே எவின்ரூட்னு ஒருத்தரு 1909ல படகு மோட்டார் போட்டு விக்க ஆரம்பிச்சாரு. அந்தப் பேருல நூறு வருஷத்துக்கு மேல மோட்டார் வந்துச்சு. 2020ல தயாரிப்பையே நிறுத்திட்டாங்க. அவ்ளோ தூரம் எதுக்கு? ஸ்ரீபெரும்புதூர்ல 2006ல நோக்கியா வந்தப்போ ஊரே ஆடுச்சு. 2014 நவம்பர்ல கதவைச் சாத்திட்டாங்க. அதனால மோட்டாரு எவ்ளோ நாள் ஒழைக்கும்னு கேக்காத, சாமான் எவ்ளோ நாள் கெடைக்கும்னு கேளு. யமஹா 1960லயே படகு மோட்டார் போட்ட கம்பெனிதான். ஆனா இங்க வல்லம் வடகால்ல அவங்க செய்யறது பைக்கும் ஸ்கூட்டரும். வல்லத்துக்கு மாட்டற மோட்டாருக்கு வாஷர் வேணும்னு கேட் வாசல்ல நின்னா செக்யூரிட்டிதான் பேசுவான். குளச்சல்ல எந்த மாடலுக்குக் கடையில சாமான் தொங்குதோ, எத்தக் கழட்டி மாட்ட அங்க ஆள் இருக்குதோ, அதுதான் நல்ல மோட்டார்.

இன்னொண்ணு. மீன்வளத் துறை 40 சதவீத மானியத்துல மோட்டார் குடுக்குதுன்னு நீயே சொன்ன. மானியம் 40ன்னா கடன் 60ன்னு நான் கணக்குப் போடறேன். பெட்ரோல் மட்டும் குடிக்கிற ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெயைக் கம்மியாத்தான் குடிக்கும், சத்தமும் கொறச்சல். ஆனா எடை கூட, வெலையும் கூட. 2023 ஆகஸ்ட்ல மண்டபம் மாநாட்டுல நாட்டுப்படகுக்கு மானிய மண்ணெண்ணெயை வருஷத்துக்கு 3,400 லிட்டர்ல இருந்து 3,700 லிட்டரா ஏத்தறதா முதலமைச்சர் அறிவிச்சாரு. பெட்ரோல் மோட்டாரை வாங்கிட்டு அந்த மண்ணெண்ணெயை இன்னா பண்ணுவ, தலைக்குத் தேச்சுக் குளிப்பியா?

இவ்ளோ நேரம் சிரிச்சுப் பேசினேன். இத்தச் சிரிக்காம கேளு. பைக் நின்னா தள்ளிகினு வரலாம், நடுக்கடல்ல மோட்டாரு நின்னா இன்னா பண்ணுவ? 2017ல ஒக்கிப் புயல் அடிச்சப்போ உங்க மாவட்டத்துல எத்தினி வீட்டுல ஆளு திரும்பலன்னு எனக்குச் சொல்ல வேண்டியதில்ல. கம்ப்ரஷன் போன மோட்டாரை “இன்னும் ஒரு வருஷம் இழுக்கலாம்”னு கடலுக்கு அனுப்பறது சிக்கனம் இல்ல. அந்த எடத்துல கடனை வாங்கு, நானே கையெழுத்துப் போடறேன். ஆனா பிளக்கும் இம்பெல்லரும் மாத்தினா போதும்ங்கிற எடத்துல, பக்கத்துப் படகுக்காரன் புதுசு மாட்டிட்டான்னு நீயும் மாட்டினா, உங்கப்பா புடிக்கிற மீனு பூராவும் தவணைக்காரன் தட்டுக்குத்தான் போவும்.

உள்ளதைச் சொல்லிடறேன், இதுல எனக்கும் சுயநலம் இருக்கு. நீ தவணை கட்ட ஆரம்பிச்சா மொதல்ல நிக்கப்போறது என் வாடகைதான். அதனால லீவுல ஊருக்குப் போயி, சொன்னதையெல்லாம் வரிசையாப் பாரு. ரிப்பேர்லயே முடிஞ்சுதுன்னா லட்சம் மிச்சம். யோசனைக் கூலியா நீங்க நெய்மீன்னு சொல்ற வஞ்சிரம் ஒண்ணு முழுசாக் கொண்டாந்துடு. புதுசு வாங்கிட்டன்னா பாவம், கடன்காரனாயிடுவ, ரெண்டு கை சாளை போதும். எது எப்படி ஆனாலும் அஞ்சாந்தேதி வாடகையில மட்டும் மானியம் கெடையாது.