கம்பி எங்கலே இருக்கு?

எலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. செல்போன்ல ஹார்மானிக் ஜாதகம் பாத்தியாமே? ஏழாவது ஹார்மானிக்ல நீ பெரிய மேதைன்னு வந்துச்சாம். தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுத. பரீட்சையில நீ வாங்குன மார்க்கு அதுக்குத் தெரியுமால?

மொதல்ல காதைத் தீட்டு. தம்புராவுல மந்தரக் கம்பியை ஒருக்கா மீட்டு. நீ மீட்டுனது சட்ஜம்தான். செத்த நேரத்துல அந்தர காந்தாரம் ஒண்ணு உள்ளேருந்து எட்டிப் பாக்கும். யாரு பாடுனா? கம்பி முழுசா 100 தடவ ஆடுதுன்னு வையி. அதே நேரத்துல பாதி பாதியா 200, மூணு பங்கா 300ன்னும் ஆடும். இந்த மடங்குகதாம்ல ஹார்மானிக். அஞ்சாவதா 500 வருது பாரு, அதாம்ல அந்தக் காந்தாரம். குதிரைமேல கம்பிக்கு அடியில ஒரு நூலை நகத்தி வச்சாத்தான் தெளிஞ்சு கேக்கும். எந்த ஆப்புல கெடைக்கும் அந்த நூலு?

வெறுந்தோலைத் தட்டுனா இந்த மடங்கு ஒழுங்கு வராது. மிருதங்கத்துக்கு மட்டும் எப்படி வந்துச்சு? வலந்தலையில அப்புன கருப்புச் சோறு. சி.வி.ராமன் 1920ல இதை 'நேச்சர்' பத்திரிகையில எழுதுனாரு. அவருக்கு எம்புட்டோ காலம் முந்தி, கல்லுப்பொடியையும் சோத்தையும் குழைச்சுத் தேச்சானே ஒருத்தன், அவன் எந்தக் காலேஜுல படிச்சான்?

கரண்டுலயும் ஹார்மானிக் உண்டு. வீட்டுக்கு வாரது 50 ஹெர்ட்ஸ். மட்டமான இன்வெர்ட்டரு 150, 250ன்னு கூடச் சேத்து அனுப்பும். ஃபேன் கெடந்து உறுமும்.

சாதகத்துக்கு வருவோம். கெப்ளர்னு ஒரு செர்மன்காரரு, 1619ல கிரகத்துக்கெல்லாம் சுரம் எழுதுனாரு. அதே புத்தகத்துல கிரகம் சுத்துற கணக்குக்கு ஒரு விதியும் சொன்னாரு. ஊரு விதியை எடுத்துக்கிட்டு சுரத்தை விட்டுட்டு. அப்புறம் 1976ல ஜான் ஆடின்னு ஒரு இங்கிலீசுக்காரரு சோசியத்துக்கே ஹார்மானிக்னு புத்தகம் போட்டாரு. நம்ம சோசியரு நவாம்சம்னு போடுவாருல்ல, அதுதான் அந்த இங்கிலீசுக்காரருக்கு ஒம்பதாவது ஹார்மானிக். மேஷத்துல 10 பாகையில கிரகம் நிக்கா? ஒம்பதால பெருக்கு, 90. கடகம் வந்துட்டு. நவாம்சத்துலயும் கடகந்தான்.

கணக்கு சரிதாம்ல, யாரு இல்லேங்கா? தம்புராவுல கம்பி ஆடுது, மிருதங்கத்துல தோலு ஆடுது. உன் கட்டத்துல என்னலே ஆடுது? இத்தனை கட்டம் போட்டா ஏதாவது ஒண்ணுல எவனும் ராசாவாத்தான் இருப்பான். கழுதையும் இருக்கும்.

அதுக்கு மேல பாக்கணும்னா அந்த ஆப்பு சந்தா கேக்குதாமே? போயி உங்கப்பங்கிட்ட கேளு. அவன் சத்தம் எத்தனாவது ஹார்மானிக்ல வருதுன்னு எனக்கும் வந்து சொல்லு.