நெஞ்சுப் பட்டிக்கு நல்ல தண்ணீர்

திருகோணமலைக்காரருக்கு உப்பைப் பற்றிப் பாடம் நடத்த யாரும் துணிய மாட்டார்கள். வடக்கே நிலாவெளிப் பக்கம் அதை விளைவிக்கிறார்கள். நகரத்துக்குள் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். உட்துறைமுக வீதியில் இரும்புக் கேற்றுக்குப் பூசிய பெயின்ற் எவ்வளவு சீக்கிரம் பொருக்குவிடும் என்பதும், எண்ணெய் காணாத சைக்கிள் செயினுக்கு என்ன கதி வரும் என்பதும் இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிண்ணியாவிலோ மூதூரிலோ போட் வைத்திருக்கும் ஒருவரைக் கேளுங்கள். கடலுக்குப் போய்வந்த அவுட்போட் என்ஜினை நல்ல தண்ணீரில் கொஞ்ச நேரம் ஓடவிடாமல் மூடிவைத்தால், உள்வழிகளில் உப்புப் படிந்து அடைத்துவிடும் என்று எந்தப் பட்டமும் இல்லாமலே விளக்குவார். கடற்படைத் தளத்தில் துருவைச் சுரண்டுவதும் பெயின்ற் பூசுவதும் முடிவே இல்லாத உத்தியோகம். இவ்வளவு தெளிவுள்ள ஊரில் ஒரே ஒரு பொருள் மட்டும் இந்த ஞானத்துக்கு வெளியே கிடக்கிறது. ஓடுகிறவர்களும் சைக்கிள்காரரும் இதயத் துடிப்பை அளக்க மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டிதான் அது. டச்பே கடற்கரையில் ஓடி முடித்ததும் அதைக் கழற்றி, வேர்வை சொட்டச் சொட்டச் சுருட்டி, ஸ்கூட்டர் சீற்றுக்குக் கீழே திணித்துவிடுகிறார்கள். சில மாதத்தில் அது கண்டபடி எண் காட்டத் தொடங்கியதும், 'சாமான் சரியில்லை' என்று தீர்ப்பு வருகிறது. என் வழக்கு வேறு. பட்டி ஓட்டத்தில் சாவதில்லை. ஓட்டம் முடிந்த பிறகு, வேர்வை காயும் நேரத்தில் சாகிறது. கொலையாளி உப்பு, கழுவாதவர் உடந்தை.

உப்பின் தரப்பு நியாயத்தையும் முதலில் கேட்டுவிடுவது முறை, ஏனென்றால் அது பலமான தரப்பு. இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஒரு மின் அலை எழுகிறது. தோலுக்கு வந்து சேரும்போது அது ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு. தோலின் மேற்படையோ காய்ந்த, மின்சாரத்துக்கு எளிதில் வழிவிடாத படை. அந்தக் கதவைத் திறக்கும் சாவி உப்புத் தண்ணீர். லண்டனில் 1887இல் மனித இதயத்தின் மின் அலையை முதன்முதல் பதிவுசெய்த அகஸ்டஸ் வாலர், ஜிம்மி என்ற தன் புல்டோக் நாயை உப்புத் தண்ணீரில் கால் வைத்து நிற்கச் செய்து அதன் துடிப்பையும் அளந்து காட்டினார். 1909இல் இந்தக் காட்சி பிரித்தானியப் பாராளுமன்றம் வரை போனது. நாயைச் சித்திரவதை செய்கிறார்களா என்று கேள்வி எழ, கடலில் கால் நனைத்தவருக்கு அந்த அனுபவம் எப்படிப்பட்டது என்று தெரியும் என்ற கருத்தில் உள்துறை அமைச்சர் பதில் சொன்னார். டச்பேயில் மாலைநேரம் குடும்பத்தோடு கால் நனைக்கும் அத்தனை பேரும் அந்த வகையில் பாதி மருத்துவப் பரிசோதனையை முடித்தவர்கள்.

பிறகு வந்தவர் வில்லெம் ஐந்தோவன். அவரும் ஒரு துறைமுகத்துப் பிள்ளை. 1860இல் யாவாத் தீவின் செமராங்கில் பிறந்தவர். நெதர்லாந்தின் லைடனில் அவர் அமைத்த கருவி ஏறத்தாழ 270 கிலோ எடை; இயக்க ஐந்து பேர் வேண்டும். அளக்கப்படுகிறவர் இரண்டு கையையும் ஒரு காலையும் உப்புக் கரைசல் நிரம்பிய வாளிகளில் விட்டுக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த 270 கிலோவையும் மூன்று வாளியையும் ஐந்து ஆட்களையும் சுருக்கி மார்பில் கட்டலாம் என்று காட்டியவர்கள் பின்லாந்துக்காரர். 1977இல் அங்கே தொடங்கிய போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாத துடிப்புமானியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வாளிகளுக்கு என்ன ஆயிற்று என்றால், அவற்றை நாமே சுரக்கிறோம். வேர்வைதான் வாளி. அதனால்தான் ஓடத் தொடங்குமுன் பட்டியின் உட்புறத்தை நனைக்கச் சொல்கிறார்கள்; பனி நாட்டுக்காரருக்கு அது அத்தியாவசியம். கச்சான் காற்றடிக்கும் ஆடி மாதத்தில், கோட்டை வாசலில் நிற்கும் புள்ளிமான்களைத் தாண்டிக் கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஓடுகிறவருக்கு அந்த அறிவுரை மான்களைத் தாண்டுமுன்னே தானாக நிறைவேறிவிடும்.

ஆக உப்பு நல்லவன்தான். சிக்கல் எங்கே என்றால், கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், காய்ந்த உப்பு கடத்தாது. பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் இருக்கும் இந்த ஒரு வரியில் பட்டியின் முழுச் சரித்திரமும் அடங்குகிறது. ஓடும்போது துணைநின்ற அதே உப்பு, தண்ணீர் ஆவியானதும் தோல் எண்ணெயையும் இறந்த தோல் செதிளையும் கூட்டணி சேர்த்துக்கொண்டு, மின்வாயின் மேல் ஒரு படலமாக உட்காருகிறது. மின்வாய் என்பது பட்டியின் உட்புறத்தில் இருக்கும் வழுவழுப்பான பகுதி. கரி கலந்த இறப்பராகவோ வெள்ளி பூசிய நூலாகவோ இருக்கும். அடுத்த ஓட்டத்தின் தொடக்கத்தில் தொடுகை சரியாக விழாது. ரீசேட் காற்றில் படபடத்து உண்டாக்கும் நிலைமின்சாரத்தைக்கூடக் கருவி இதயம் என்று எண்ணத் தொடங்கும். வயதுக்கான உச்சத் துடிப்பைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு, தோராயமானதுதான். அந்தக் கணக்கில் 60 வயதுக்காரருக்கு 160 உச்சம். அவர் கடற்கரையில் கைவீசி நடக்கும்போது கைமணிக்கூடு 214 என்று காட்டினால், ஒன்று அவர் மருத்துவ அதிசயம், அல்லது பட்டி ஊத்தை. நம்மவர் அதிசயத்தையும் நம்புவதில்லை, ஊத்தையையும் ஒப்புக்கொள்வதில்லை. 'இது இப்படித்தான் சில நேரம் காட்டும்' என்று நடையைத் தொடர்கிறார். சிரிக்கக்கூடாத இடம் இது. புலி வருது என்று நாள்தோறும் கத்தும் பட்டியை, உண்மையில் இதயம் தாறுமாறாக அடிக்கிற நாளிலும் அவர் அப்படித்தான் மதிப்பார்.

துறைமுகத்துக் காற்று இந்த வேலையை இன்னும் கெடுக்கிறது. உப்புப் படிந்த துணி காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் சீற்றுக்குக் கீழே கிடக்கும் பட்டி முழுதாகக் காய்வதுமில்லை, ஒழுங்காக நனைந்திருப்பதுமில்லை. பக்டீரியாவுக்கு இதைவிட வசதியான விடுதி உப்புவெளியிலும் கிடையாது. மணத்தைப் பற்றி விவரிக்கத் தேவையில்லை. மார்பைச் சுற்றி வரும் சொறியும் தடிப்பும் போதுமான சாட்சி. நாமறியாமல் செய்வது என்னவென்றால், உப்பும் வெக்கையும் சேர்த்து அந்தப் பட்டியைக் கருவாடு போடுகிறோம். கருவாடாவது கறிக்கு உதவும்.

செய்யவேண்டியது மிகக் கொஞ்சம். நடுவில் இருக்கும் கருவியைப் பட்டியிலிருந்து கழற்ற வேண்டும். பட்டியைக் குழாயில் ஓடும் தண்ணீரில் இரு புறமும் அலச வேண்டும். இது ஒவ்வொரு முறையும். இடைக்கிடை மென்மையான சவர்க்காரத்தை விரலால் தடவித் தேய்த்துக் கழுவினால் எண்ணெயும் போகும். பிறகு முறுக்காமல், துவாயில் ஒற்றி, நிழலில், காற்றுப்படும் கொடியில் போட வேண்டும். கருவியைத் துடைத்து வேறாக வைக்க வேண்டும். இந்தக் கழற்றும் விஷயத்தில்தான் பலர் சோம்பல் படுகிறார்கள். தோலில் பட்டுவிட்டோம் என்பதைக் கருவி எப்படி அறிகிறது? இரண்டு அழுத்துப் பொத்தான்களுக்கிடையே ஈரத்தின் வழியே மின்தொடர்பு உண்டாவதை வைத்துத்தான். ஈரப்பட்டியில் மாட்டியபடியே விட்டால், கொடியில் தொங்குவது ஒரு மனிதர் என்று அது உறுதியாக நம்புகிறது. இராமுழுதும் விழித்திருந்து, இல்லாத ஒருவரின் இதயத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பொத்தான் பற்றரி தீர்ந்துபோவதில் வியப்பில்லை. ஈரமும் உப்பும் மின்னழுத்தமும் ஒன்றுகூடும் இடத்தில் பொத்தானின் உலோகமும் வேகமாக அரிக்கும். ஓரமாகப் பச்சை பூத்திருந்தால் அது அலங்காரமல்ல.

இனி எதிர்வாதங்கள். கழுவக் கழுவப் பட்டி தேயும், வெள்ளிப் பூச்சு போய்விடும் என்பது முதலாவது. இதில் உண்மை உண்டு. ஆனால் குற்றவாளி தண்ணீரல்ல. குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் பூச்சைத் தாக்கும். உடுப்பை மெதுமையாக்கி வாசமூட்டும் திரவமோ நூலின் மேல் வழுவழுப்பான படலம் ஒன்றைப் பூசிவிட்டுப் போகும். உப்பையும் எண்ணெயையும் நீக்கிவிட்டு அதே இடத்தில் வேறொரு தடையை, மல்லிகை வாசத்தோடு, குடிவைப்பதுதான் இது. தும்புத் தூரிகையால் தேய்ப்பவரைப் பற்றிப் பேச்சில்லை. இரண்டாவது வாதம் படித்தவர்களுடையது. ஆஸ்பத்திரியில் ஒட்டும் மின்வாய்களில் வெள்ளியும் வெள்ளிக் குளோரைட்டும் இருக்கின்றன. வேர்வையிலுள்ள குளோரைட்டும் பட்டியிலுள்ள வெள்ளியும் சேர்ந்தால் அதே சரக்குத்தானே, கழுவாமல் விட்டால் பட்டி தானே ஆஸ்பத்திரித் தரத்துக்கு உயராதா? அழகான வாதம், விடை சொல்லும்போதே ஒரு கவலை வருகிறது. ஆஸ்பத்திரி மின்வாயில் அந்தப் படலம் அளவோடு உண்டாக்கப்பட்டது, மேலே ஜெல் பூசியது, ஒருமுறை ஒட்டிக் கழற்றிக் குப்பையில் போடுவது. பட்டியில் உருவாவது எண்ணெயும் செதிளும் கலந்த கண்டபடியான கறை. அடுப்படியில் தானாகக் கரிபிடித்த சட்டியை ஆய்வுகூடத்துக் கரி என்று யாரும் விற்பதில்லை.

மூன்றாவது வாதம் இந்த ஊருக்கே உரியது: பட்டியோடு கடலில் இறங்கிவிட்டால் ஓட்டமும் முடிந்தது, கழுவலும் முடிந்தது. வேர்வையில் உப்பு ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் கடல்நீர் அதைவிடப் பல மடங்கு உப்பானது, ஒரு லீற்றரில் ஏறத்தாழ 35 கிராம். கடனை அடைக்க இன்னும் பெரிய கடன் வாங்குவது இதுதான். அளப்பும் நடக்காது. கடல்நீர் மிக நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், அது இரண்டு மின்வாயையும் குறுக்குவழியில் இணைத்துவிடும்; இதயத்தின் அலை மின்வாய்க்குள் போகாமல் கலைந்துபோகும். புளூடூத் அலையும் தண்ணீருக்குள் விரைவில் சாகும். பழைய வகைப் பட்டிகளின் 5 கிலோஹேர்ட்ஸ் அலை மட்டும் தண்ணீரில் கொஞ்சத் தூரம் போகும். அலச வேண்டியது கந்தளாயிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில். கடலோரக் கிணற்று நீர் சவராக இருந்தால் கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீர் நல்லது.

இளஞ்சூட்டில் கழுவலாம், 40 பாகைக்கு மேல் வேண்டாம் என்று பட்டியின் துணிச்சீட்டு சொல்வதைப் பார்த்ததும் கன்னியா வெந்நீரூற்றை நினைக்கும் மூளைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. ஏழு கிணறு, ஏழு விதமான சூடு. வேண்டியதைத் தெரிவு செய்யலாம். யோசனை கெட்டதல்ல. ஆனால் இராவணன் தாய்க்குக் கருமம் செய்த இடம் என்று ஐதீகம் சொல்லும், இன்றும் அந்தியேட்டி செய்ய வரும் இடத்துக்கு, இதயம் துடிக்கிறதா என்று கணக்கெடுக்கும் கருவியைக் கொண்டுபோவதில் ஏதோ இங்கிதக் குறைவு இருக்கிறது.

கைமணிக்கூடே துடிப்பைக் காட்டுகிறது, பட்டி எதற்கு என்பவர்களுக்கும் பதில் உண்டு. மணிக்கூடு பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை ஊகிக்கிறது. கை வேகமாக ஆடும்போதும், திடீரென வேகம் கூட்டும்போதும், பிடி தளர்ந்தபோதும் அது தடுமாறும். பட்டி நேரடியாக மின் அலையைக் கேட்கிறது. அதற்கும் மேலே, மணிக்கூட்டின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் அங்கேயும் ஒரு சிறிய உப்பளம் இருக்கும்.

எப்படியும் ஒருநாள் பட்டி இழுவை போய்த் தளர்ந்து செத்துத்தானே போகும் என்பது மிஞ்சியிருக்கும் வாதம். சாகும். கருவி அதைவிட நெடுநாள் வாழும், பட்டி மட்டும் தனியே விற்கிறார்கள். பழையது கழுவி நனைத்துக் கட்டி, புதுப் பற்றரியும் போட்ட பிறகும் தப்பாகக் காட்டினால் மாற்றிவிடலாம். கழுவாமலே மாற்றுகிறவர் நல்ல பட்டியை எறிந்துவிட்டு அதே வழக்கத்துக்கு இன்னொன்று வாங்குகிறார். மற்றபடி அதைக் கழுவ வேண்டியது குளியலறையிலா குசினித் தொட்டியிலா என்ற கேள்வி இந்தக் கட்டுரையின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது. அந்தந்த வீட்டில் தேங்காய் துருவுகிறவர் முடிவு செய்யட்டும்.