தாளத்துக்குச் சாதிச் சான்றிதழ்

1990களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்தில் ஒரு சத்தம் கிளம்பியது. டிஆர்-909 என்ற ஜப்பானியத் தாளக் கருவியின் கிக் டிரம் அடியை, ஒலி கிழிந்து கரகரக்கும்வரை ஏற்றி, நிமிடத்துக்கு 160, 180 அடி என்று விரட்டினார்கள். மொட்டையடித்த பையன்கள் டிராக் சூட் போட்டுக்கொண்டு விடிய விடிய ஆடினார்கள். கேபர் என்றார்கள், ஹார்ட்கோர் என்றார்கள். ஆடியவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

ரசிகப் பெருமக்கள் விடுவார்களா? ஏர்லி ஹார்ட்கோர், ஹேப்பி ஹார்ட்கோர், இண்டஸ்ட்ரியல், மெயின்ஸ்ட்ரீம், பிரெஞ்ச்கோர், அப்டெம்போ, டெரர், ஸ்பீட்கோர் என்று ஒரே சத்தத்துக்கு இன்று அத்தனை குலம், அத்தனை கிளை. புதுப் பாட்டு ஒன்று வந்தால் யாரும் முதலில் காது கொடுப்பதில்லை. தாசில்தார் ஆபீஸ் வாசலில் நிறுத்துவதுபோல் அதை நிறுத்திவைத்துச் சாதிச் சான்றிதழ் கேட்கிறார்கள். 200 அடியா, அப்படியானால் அப்டெம்போ. இல்லையில்லை, இரண்டு அடிக்கு நடுவே பேஸ் விழுகிறது, பிரெஞ்ச்கோர். யார் சொன்னது, கிக்கின் கரகரப்பைக் கேட்டாயா நீ? பாட்டு முடிந்து வெகுநேரம் ஆகியிருக்கும், பஞ்சாயத்து முடியாது.

பூர்விகம் பார்ப்பவர்களுக்கு ஒரு தகவல். ரோட்டர்டாம் இவ்வளவு சொந்தம் கொண்டாடுகிறதே, முதல் ஹார்ட்கோர் தட்டு என்று பலரும் காட்டுவது ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் மார்க் அகார்டிபேன் செய்ததை. பிரெஞ்ச்கோரின் இன்றைய பெரும்புள்ளி டாக்டர் பீகாக் ஒரு டச்சுக்காரர். பெயர் ஒரு ஊர், பிழைப்பு ஒரு ஊர். இந்த லட்சணத்தில் ரத்தச் சுத்தம் வேறு பேசுகிறார்கள்.

வேகப் பைத்தியம் தனிக் கதை. நிமிடத்துக்கு 300 அடியைத் தாண்டினால் ஸ்பீட்கோர். 1,000-ஐத் தாண்டினால் எக்ஸ்ட்ராடோன். 1,200 அடி என்றால் வினாடிக்கு 20. ஏறக்குறைய அந்த இடத்தில் மனிதக் காது அடிகளைத் தனித்தனியாகப் பிரிப்பதைக் கைவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சுருதியாகக் கேட்கத் தொடங்கும். அதாவது, உலகத்தின் மிகக் கொடூரமான தாளத்தைத் தேடிப் போனவர்கள் கடைசியில் கண்டுபிடித்தது ஒரு ஸ்வரம். வெட்கப்பட்டுத் திரும்பினார்களா? அந்த ஸ்வரத்துக்கும் பெயர் வைத்துக் கொடி நட்டுவிட்டார்கள்.

இதுவரை சிரிக்கலாம். இதே கூட்டத்தின் கண்ணெதிரே என்னென்ன நடந்தது என்று பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

1990களில் நெதர்லாந்தின் கேபர் கூட்டங்களுக்குள் நவநாஜிப் பயல்கள் புகுந்தார்கள். ஆம்ஸ்டர்டாமின் மொகம் ரெக்கார்ட்ஸ், நிறவெறிக்கும் பாசிசத்துக்கும் எதிராகக் கேபர்கள் ஒன்றுசேர வேண்டும் என்ற முழக்கத்தைத் தன் தட்டுகளிலேயே அச்சிட வேண்டிவந்தது. அதே ஆண்டுகளில் தூய்மைவாதிகளின் ரத்தம் எதற்குக் கொதித்தது? 1992-இல் ரோட்டர்டாம் ரெக்கார்ட்ஸைத் தொடங்கிய பால் எல்ஸ்டாக், 1995-இல் முணுமுணுக்கத்தக்க மெட்டுகளைச் சேர்த்து ஹேப்பி ஹார்ட்கோரில் புகழ் பெற்றுவிட்டாராம். துரோகி! பக்கத்தில் ஆடுகிறவன் ஹிட்லர் பக்தனாக இருக்கலாம், மெட்டு மட்டும் இனிக்கக் கூடாது. என்ன கொள்கை ஐயா இது?

பிரிட்டனுக்கு வருவோம். 1992 மே மாதம் காசில்மார்ட்டன் பொதுவெளியில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடி ஒரு வாரம் ஆடினார்கள். டிக்கெட் இல்லை, ஸ்பான்சர் இல்லை. இப்படி ஆட்டக் கூட்டங்கள் நடத்திவந்த ஸ்பைரல் டிரைப் குழுவைச் சேர்ந்த 13 பேர் மீது வழக்குப் போட்டார்கள். அரசுப் பணம் சுமார் 40 லட்சம் பவுண்டு கரைந்தது, 13 பேரும் விடுதலையானார்கள். கோர்ட்டில் தோற்ற அரசு 1994-இல் சட்டமே கொண்டுவந்தது: திறந்தவெளியில் நூறு பேரோ அதற்கு மேலோ கூடி, இரவில் உரத்த இசை ஒலித்து, அந்த இசை முழுவதுமாகவோ பெரும்பாலுமாகவோ திரும்பத் திரும்ப வரும் தாளத்தால் ஆனது என்றால், போலீஸ் கலைக்கலாம், கருவிகளை அள்ளிக்கொண்டு போகலாம்.

கவனியுங்கள், எந்தக் கிளை என்று சட்டம் கேட்கவில்லை. லத்தியோடு வந்தவன், நீ ஹேப்பியா இண்டஸ்ட்ரியலா என்று விசாரிக்கவில்லை. உட்பிரிவு பேதமில்லாத ஒரே ரசிகன் அரசாங்கம்தான்!

அதற்கு உருப்படியாகப் பதில் சொன்னது ஆட்டெக்கர் என்ற இரட்டையர். அந்தச் சட்டம் நிறைவேறும் முன்பே, தாள வட்டம் ஒன்றுகூட மறுபடி வராதபடி 'ஃபிளட்டர்' என்ற பாட்டை அமைத்தார்கள். இதை ஒலிக்கவிடும் டிஜேக்கள் ஒரு வக்கீலையும் ஓர் இசை நிபுணரையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது என்று உறையில் எச்சரிக்கையும் ஒட்டினார்கள். நம் அடி எண்ணும் பண்டிதர்களுக்கு வாழ்நாளில் அமைந்த ஒரே கௌரவமான உத்தியோகம் அது. போலீஸ் முன்னால் போய் நின்று எண்ணியிருக்கலாம்.

பெயர்களால் லாபம் பார்த்தவர்கள் வியாபாரிகள். நேற்றுவரை ஒரே கொட்டகையில் ஆடிய கூட்டத்தைப் பிரித்து, விழாக்களில் கிளைக்கொரு மேடை போட்டு, மேடைக்கொரு வண்ணம் பூசி, டிக்கெட் கிழிக்கிறார்கள். ரசிகன் சண்டை போட்டு வரைந்து கொடுத்த எல்லைக்கோட்டில் அவர்கள் வேலி கட்டிக் காசு வாங்குகிறார்கள். வரைந்த கூலிகூட இவனுக்குக் கிடையாது.

அந்த பிரிட்டிஷ் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. 2003-இல் அதைத் திருத்தி, நூறு பேர் என்றிருந்ததை இருபது பேர் என்று குறைத்தார்கள். அத்துமீறி நுழைந்து கூடியவர்களுக்குத் திறந்தவெளி என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள்.