ஒரு விரல் தூய்மைப்பணி

கூவத்தைச் சுத்தம் செய்யச் சிறந்த கருவி எது? தூர்வாரும் இயந்திரம் என்பவர்கள் காலத்தோடு ஒட்டாதவர்கள். 1970களில் ஆற்றைச் சீர்செய்து படகுகூட விட்டார்கள், நிலைக்கவில்லை. அப்போது கைப்பேசியும் இல்லை, அதில் படத்தை வெட்டும் 'கிராப்' பொத்தானும் இல்லை, பாவம்.

இன்றைய இளைஞர் மாலை வெயிலில் நேப்பியர் பாலத்தருகே நின்று ஒரு படம் எடுக்கிறார். 1869இல் பிறந்த பாலம். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை மாட்டிக்கொண்டது. படத்தின் கீழ்விளிம்பில் ஆறு. கரையோரம் தெர்மாகோல் துண்டு, ஒற்றைச் செருப்பு, இரண்டுக்கும் நடுவில் ஒற்றைக்காலில் ஒரு கொக்கு.

3:2 விகிதத்தை வெட்டி 16:9 ஆக்கினார். ஆறு போயிற்று! டெண்டர் இல்லை, கமிஷன் இல்லை. கொக்கும் கூடவே போயிற்று. வளர்ச்சி என்றால் சில இழப்புகள் இருக்கத்தானே செய்யும்?

1:1க்கு வந்ததும் போக்குவரத்து நெரிசல் தீர்ந்தது. பேனர், கேபிள் வயர், ஓரத்தில் ஒதுங்கி நின்றவர் என எல்லா ஆக்கிரமிப்புகளும் அகன்றன. கடைசியில் ஸ்டேட்டஸுக்காக 9:16. மிஞ்சியது ஒரு வளைவின் உச்சியும் ஆரஞ்சு வானமும்தான். இத்தனையும் பஸ் வருவதற்குள்!

'நம்ம சென்னை' என்று எழுதிப் போட்டார். நிமிடத்தில் ஒரு பதில்: "செம மச்சி! எந்த ஊரு, சிங்கப்பூரா?"

கேட்டவருக்கு வீடு சிந்தாதிரிப்பேட்டையில். ஜன்னலைத் திறந்தால் கூவம்.