பெருக்கல் வாய்பாடு

1962 ஆகஸ்டு 16 அன்று புதுச்சேரி ஒப்படைப்பு உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவுசெய்தோரின் உறவினர், வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலும் (பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவுகள்) இருப்பதால், பிரான்சுப் பயணத்துக்கு முந்தைய விலை ஒப்பீடு அங்கே தனிக்கலையாகவே வளர்ந்துள்ளது. யூரோவில் வரும் பாரிஸ் சம்பளத்தை ஏறத்தாழ நூறால் பெருக்கி ரூபாயாக்கும்போது தவறாத வாய்பாடு, வீட்டு வாடகையும் மெட்ரோ பயணச்சீட்டும் வரும்போது மறந்துபோகிறது. ஒரே தொகை எந்த ஊரில் எவ்வளவு பொருள் வாங்கும் எனக் கணக்கிடும் 'வாங்குதிறன் சமநிலை'யைப் பொருளியலாளர் இதற்கெனவே வகுத்திருந்தாலும், பாகூரில் பக்கத்து வீட்டு வேலியோரம் கேட்டாலே கிடைக்கும் முருங்கைக்காயையும் பாரிஸின் லா ஷப்பல் பகுதிக் கடையில் எடைபோட்டு விற்கப்படும் முருங்கைக்காயையும் ஒரே தட்டில் வைக்க அச்சூத்திரத்துக்கு வழியில்லை. விமானச்சீட்டு எடுக்குமுன் வாடகையையும் ஒருமுறை நூறால் பெருக்கிப் பார்ப்பது பயணிக்கு நல்லது.