செட்டாப் பாக்ஸின் மறுபிறப்பு: ஒரு முன்னாய்வு

ரெக்கார்டிங் வசதியுள்ள டி.டி.எச். செட்டாப் பாக்ஸ் ஒன்று உயிரை விட்டால், அதன் வினை எங்கே போகிறது? இந்தக் கேள்வியை எந்தத் துறையும் தன் வேலையாக ஏற்கவில்லை. தத்துவப் பேராசிரியர்கள் அதை மின்னணுவியல் என்கிறார்கள். மின்னணுவியல்காரர்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போடச் சொல்கிறார்கள். சேவை எண்ணில் வரும் குரலோ பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறது. மறுபிறப்பில் அதற்காவது நம்பிக்கை இருப்பது ஆறுதல். இவர்களுக்கு நடுவே கேட்பாரற்றுக் கிடக்கும் இடத்தை நிரப்பவே இக்கட்டுரை. ஆய்வு எல்லை: சென்னையில் ஒரு கூடம், ஒரு மொட்டை மாடி, இரண்டையும் இணைக்கும் படிக்கட்டு. ஆய்வுக் காலம்: பழைய பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்த மாலையிலிருந்து, புதிய பெட்டியில் பாட்டி திருப்தி அடையும் வரை. ஆகவே ஆய்வு இன்னும் முடிந்தபாடில்லை.

முன்னோர் கருத்தைச் சொல்லாமல் தொடங்கினால் நெறியாளர் கையெழுத்துப் போடமாட்டார். ஆகவே சுருக்கமாக: பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டரில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால் அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும், அப்படி மூன்றை வைத்து உலகெங்கும் ஒளிபரப்பலாம் என்று ஆர்தர் சி. கிளார்க் 1945-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். பிறகு இலங்கையில் குடியேறினார். 1975-இல் இந்தியா செயற்கைக்கோள் வழியே கிராமங்களுக்குப் பாடம் நடத்தும் ‘சைட்’ சோதனையைத் தொடங்கியபோது, அவருடைய கொழும்பு வீட்டிலும் ஒரு தட்டை நிறுவிக்கொடுத்தது. இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. யோசனை சொன்னவர் வீட்டுக்கே ஆள் வந்து மாட்டிக்கொடுத்த நிகழ்ச்சி, டிஷ் வரலாற்றில் அதற்குப்பின் நடந்ததாகத் தெரியவில்லை. இந்தியாவில் அந்தச் சோதனை சுமார் 2,400 கிராமங்களில் நடந்தது. கோழிவலைக் கம்பியால் செய்த தட்டுகளைப் பயன்படுத்தினார்கள். ஆறு மாநிலங்களைச் சேர்ந்த அந்தப் பட்டியலில் தமிழ்நாடு இல்லை என்பதை இவ்வாய்வாளர் வருத்தத்துடன் பதிவு செய்கிறார்.

பதிவு செய்வதற்குத் தனி வரலாறு உண்டு. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் நிகழ்ச்சியைப் பதிந்துகொள்வது குற்றமல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-இல் பீட்டாமேக்ஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தப்பித்தது. பதிந்ததைப் பிறகு பார்த்தாக வேண்டுமா என்பதைப் பற்றி நீதிபதிகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தின் மேல்தான் எங்கள் பெரியப்பா தன் வாழ்க்கையைக் கட்டியிருக்கிறார்.

பெரியப்பாவின் சொத்து, 2011 ஏப்ரல் 2 அன்று மும்பையில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டி. டாஸ் போடுவதிலிருந்து சச்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவது வரை முழுவதும் பதிவாகியிருந்தது. இடம் நிரம்பினால் பெட்டி தானாக அழித்துவிடாதபடி அதற்குப் பூட்டு வேறு. ஹார்டு டிஸ்க்கில் மீதியிருந்த இடத்துக்கு அம்மாவின் மார்கழிக் கச்சேரிகளும், தீபாவளிப் பட்டிமன்றங்களும், பாட்டியின் ஏழரை மணி சீரியலும் வருடக்கணக்கில் அடித்துக்கொண்டன. அந்த இறுதிப் போட்டியை மட்டும் யாரும் தொட்டதில்லை. பெரியப்பாவும் தொட்டதில்லை, ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்தது கிடையாது.

மரணத்துக்கான காரணத்தை ஆராய்ந்ததில் பின்வருமாறு தெரியவருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை நிறுத்திவைத்து, காபி போட்டுக்கொண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்க முடிகிறதென்றால், நாம் கேட்காமலே பெட்டி அந்த சானலை எந்நேரமும் எழுதிக்கொண்டே இருக்கிறது என்று பொருள். உள்ளே ஹார்டு டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்கிறது, சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் மேல்மூடியில் வரிசையாகத் துளைகள். அவற்றின் மேல் அம்மா ஒரு குரோஷே விரிப்பைப் போட்டிருந்தார். விரிப்பின் மேல் ஒரு பிள்ளையார். பிள்ளையாருக்குப் பின்னால், வெதுவெதுப்பை நாடி வந்த பல்லி. இதற்குமேல் இன்வெர்ட்டர் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி செத்துப் பிழைத்தது. திறந்து பார்த்தபோது மின்வழங்கிப் பகுதியில் கப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. விரிப்புதான் காரணம் என்ற முடிவு அம்மாவின் முன்னிலையில் வாசிக்கப்படவில்லை.

இனி மையக் கோட்பாட்டுக்கு வருவோம். பெட்டிதான் சந்தாதாரர் என்பது ஒரு சாரார் கொள்கை. அது தவறு. பெட்டி வெறும் உடம்பு. கம்பெனியின் கணினியில் இருக்கும் சந்தாதாரர் எண்ணே உயிர். பழைய பெட்டியிலிருந்து அதைப் பிரித்துப் புதியதோடு சேர்த்துவிட்டால் பிறவி மாறிவிடுகிறது. அந்த எண்ணோடு கூடவே வருவது எது, வராதது எது என்று கவனித்தால், நம் ஊரில் பிரசங்கம் செய்கிறவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது வரி பிசகாமல் நிரூபணமாகிறது. வினை வருகிறது, நினைவு வருவதில்லை. அக்கவுண்டில் இருந்த மிச்சம் வந்தது. 2019 பிப்ரவரியில் கட்டண முறை மாறி, அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், அதற்குமேல் வேண்டிய சானலை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்றபோது, யாரோ அவசரத்தில் அழுத்திச் சேர்ந்துவிட்ட கன்னட சினிமா சானலும் வந்தது. ஹார்டு டிஸ்க்கில் இருந்த எதுவும் வரவில்லை. பதிவுகள் அந்தப் பெட்டிக்கே உரிய சாவியால் பூட்டப்பட்டவை. வேறு பெட்டிக்கு அவை வெறும் எண் குப்பை.

பெரியப்பா இதை ஏற்கவில்லை. டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போனார். அங்கே ஒரு பையன் அதைக் கம்ப்யூட்டரில் மாட்ட, கம்ப்யூட்டர் இதில் ஒன்றுமில்லையே, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. பெரியப்பா டிஸ்க்கை மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்திருக்கிறார். முன்பு பார்க்கமுடிந்தும் பார்க்காததை இப்போது பார்க்கமுடியாமல் பார்க்காதிருக்கிறார் என்பதே நடைமுறையில் நேர்ந்த மாற்றம்.

புதிய பெட்டியை மாட்டும் களப்பணி மாடியில் நடந்தது. சென்னையில் நின்று பார்த்தால், தீர்க்கரேகை 83 பாகையில் உள்ள கோள் ஏறக்குறைய தலைக்குமேல், தெற்கே சற்றுச் சாய்ந்து நிற்கிறது. 108 பாகையில் இருக்கும் கோள் கிழக்கே நன்றாக இறங்கியிருக்கிறது. எனவே தெருவில் எந்த வீடு எந்தக் கம்பெனி என்று தெரிந்துகொள்ள உள்ளே நுழையவே வேண்டாம், தட்டின் முகம் பார்த்தால் போதும். ஆனால் முகத்தை அப்படியே நம்பவும் கூடாது. அலையைப் பிடிக்கும் எல்.என்.பி. தட்டின் நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், தட்டு பார்ப்பதுபோல் தெரியும் இடத்துக்கு இருபது பாகைக்கும் மேலே இருக்கும் வானத்தைத்தான் அது பார்க்கிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை முறைப்பதுபோல் நின்றுகொண்டு உண்மையில் விண்ணைப் பார்க்கும் இந்தக் கருவியால் எதிர்வீட்டுக்காரரோடு ஒரு மனஸ்தாபமே உண்டு.

தட்டைத் திருப்புவதற்கு உலகம் இரண்டு முறைகளை அறியும்: மீட்டர் முறை, கத்தல் முறை. பெட்டி மாட்ட வந்த தம்பியிடம் மீட்டர் இருந்தது, பேட்டரி இல்லை. ஆகவே தம்பி மாடியில், நான் படிக்கட்டில், அம்மா டி.வி. முன்னால்.

“வந்துச்சா?”

“வந்துச்சாம்மா?”

“வந்துச்சு! ...போச்சு!”

“போச்சாம்!”

டிஜிட்டல் பெட்டிக்கு அலையைப் பிடித்துப் படமாக்கச் சில நொடிகள் வேண்டும். அம்மா பார்த்து, நான் கேட்டு, மாடிக்குச் சேதி சேர இன்னும் சில நொடிகள். ‘வந்துச்சு’ மேலே போய்ச் சேரும்போது தம்பி அந்த இடத்தைத் தாண்டியிருப்பார். வழி ஒன்றுதான்: ஒரு நூல் நகர்த்து, நிறுத்து, மூச்சு விட்டுவிட்டுக் கேள். இதை நான் எடுத்துச்சொன்னேன். “தெரியும் சார், மேல வெயில் அடிக்குது” என்றார். கோட்பாட்டுக்கும் களத்துக்கும் உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வேடும் சொன்னதில்லை.

திரையில் இரண்டு பட்டைகள் தெரியும், ஸ்ட்ரெங்த் ஒன்று, குவாலிட்டி ஒன்று. முதலாவது தொண்ணூறைத் தொட்டதும் அம்மா கைதட்டினார். அது இரைச்சலுக்கும் ஏறும், வேறு கம்பெனியின் கோளுக்கும் ஏறும். இரண்டாவது பூஜ்யமாக இருந்தால் அந்தத் தொண்ணூறால் ஒரு பயனும் இல்லை. இதைப் படிக்கும்போது வாசகருக்குச் சில மேடைப் பேச்சாளர்கள் நினைவுக்கு வந்தால் அதற்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.

ஒயர் பிரச்சினை தனி நூலுக்குரியது. ஒன்றைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியவேண்டுமானால் பெட்டிக்குள் இரண்டு டியூனர் வேண்டும். பழைய பெட்டிக்கு அதற்காகத் தட்டிலிருந்து இரண்டு ஒயர் இறங்கின. எல்.என்.பி.க்குப் பெட்டியிலிருந்து அதே ஒயர் வழியேதான் மின்சாரம் ஏறுகிறது: 13 வோல்ட் அனுப்பினால் ஒரு திசையில் அதிரும் அலைகள், 18 அனுப்பினால் மறுதிசையில் அதிரும் அலைகள். ஆகவே ஒரே ஒயரைச் சாதாரணமாக இரண்டாகப் பிரித்தால் பெரியப்பா ஒன்று கேட்க, பாட்டி வேறொன்று கேட்க, எல்.என்.பி. எவர் பேச்சைக் கேட்கும்? இந்த வீட்டில் இருவர் விருப்பமும் ஒரே நேரத்தில் நிறைவேறியது அந்த இரண்டாவது ஒயரால்தான். புதிய பெட்டியில் அதற்கு ஓட்டையே இல்லை. தம்பி அதைச் சுருட்டி ஜன்னல் கம்பியில் கட்டினார். இப்போது அதில் துண்டு காய்கிறது.

மழையைப் பற்றி ஒரு சொல். தட்டு பிடிக்கும் கேயு பேண்ட் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். கனத்த மழை அதை விழுங்கிவிடும். ஐப்பசியில் ஊரெல்லாம் எவ்வளவு மழை என்று செய்தி பார்க்க உட்கார்ந்தால், பார்க்கவிடாமல் தடுப்பது அதே மழைதான். பழைய பெட்டி அந்த நேரங்களிலும் கடமை தவறாமல் கறுப்புத் திரையைப் பதிந்துவைத்திருந்தது.

புதிய பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் கிடையாது. பின்னால் பென் டிரைவ் சொருகிக்கொள்ள வேண்டும். வீட்டில் இருந்த ஒரே பென் டிரைவில் அக்காவின் வளைகாப்புப் படங்கள். பெட்டி அதைப் பார்த்ததும் ஃபார்மேட் செய்யவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. புதுப் பிறவி பழைய நினைவைப் பலி கேட்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பாட்டிக்கு ரிமோட்டில் தெரிந்த ஒரே பொத்தான் ஓகே. அதை நோக்கிப் போன அவர் விரலை அக்கா கூடத்தைத் தாண்டி வந்து பிடித்தாள்.

படம் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பாமர மயக்கம். ஓ.டி.பி. சொன்னால்தான் வேலை முடியும். அது மஸ்கட்டில் இருக்கும் சித்தப்பாவின் போனுக்குப் போயிருந்தது. இணைப்பு அவர் பெயரில். அவர் டியூட்டியில் இருந்தார். அவர் திரும்பக் கூப்பிடும் வரை தம்பிக்குக் காபி வந்தது, பிறகு முறுக்கு வந்தது. ஒரு வழியாக எண் வந்து, தம்பி பையைத் தோளில் மாட்டியபோது பாட்டி கேட்டார்:

“ஏம்ப்பா, பெட்டி கெட்டுக் கிடந்ததுல விட்டுப்போன எபிசோடெல்லாம் இதுல வருமா?”

“இதுல வராது பாட்டி. போன்ல ஆப் இருக்கு, எல்லாத்தையும் அதுலயே பாத்துக்கலாம்.”

“போன்லயே பாத்துக்கலாம்னா, நீ எதுக்குப்பா இந்த வெயில்ல மாடி ஏறின?”