டெஸ்ட் ரைடு அண்ணாச்சி

இந்த அண்ணாச்சி செம்பூரிலும் இருக்கிறார், தாராவியிலும் இருக்கிறார். ஆனால் உல்லாஸ்நகர் நாலாம் கேம்ப்பில் கிடைப்பதுதான் அசல் சரக்கு. ஊர் திருநெல்வேலிப் பக்கம், வயது ஐம்பதை ஒட்டி. வாரம் முழுக்க விட்டல்வாடியில் லோக்கல் ஏறிப் போய்க் கணக்கு எழுதுவார். ஞாயிறு என்றால் ஷோரூம். வீட்டில் ஒரு ஸ்கூட்டர் உண்டு. அதன் சாவி மதினியின் இடுப்பில்.

இப்போது அவர் விசாரித்துக்கொண்டிருக்கும் வழக்கு: ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியோர் 650-ஆ, மீட்டியோர் 350-ஆ? இந்தக் குடும்பத்தில் தம்பிதான் முந்திப் பிறந்தவன், 2020-ல். அண்ணன் நம் ஊர்ச் சாலைக்கு வந்தது 2023-ல். இரண்டும் சென்னைப் பக்கத்துத் தயாரிப்பு என்பதால், "நம்ம பிள்ளைகள்லா" என்று டாங்கைத் தடவிக் கொடுப்பார்.

சொந்த ஹெல்மெட், லைசென்ஸ் நகல் சகிதம் முதலில் பெரியவன் மேல் ஏறுவார். சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான், தம்பியைவிட 25 குறைவு. இரு பாதமும் தரையில் பதிந்ததும் முகத்தில் ஒரு ஜமீன் களை வரும். வண்டி வாசலைத் தாண்டியதும் 241 கிலோவும் தன் குணத்தைக் காட்டும். கல்யாண்–அம்பர்நாத் சாலையில் 47 குதிரைத்திறனுக்கு என்ன வேலை? முன்னால் ஷேர் ஆட்டோ. அதற்கு முன்னால், ஃபர்னிச்சர் பஜாரில் வாங்கிய பீரோவை நிமிர்த்தி வைத்து ஊரும் டெம்போ. ஆறு கியர் இருந்தும் மூன்றாவதற்குச் சோலியே இல்லை. திருப்பத்தில், பின்னால் உட்கார்ந்திருக்கும் ஷோரூம் பையன் இறங்கி, "காகா, மெல்ல" என்று வண்டியைப் பிடித்துத் தள்ளுவான்.

அடுத்தது சின்னவன். 191 கிலோ, 20 குதிரைத்திறன். ஆட்டோவுக்கும் சாக்கடைக்கும் நடுவே புகுந்து பீரோவை முந்திவிடுவார். திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. ஷோரூம் வாசலில் அதைத் துடைத்துவிட்டு இறங்குவார்.

"ஓட்டத்துக்கு நல்லாத்தான் இருக்கு. லாங் போனா மூச்சு வாங்கும்லா?"

அந்த லாங் என்பது திருநெல்வேலி. சுமார் 1,600 கிலோமீட்டர். புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று சகஸ்ரநாமம் போல ஒப்பிப்பார். எந்த ஊரில் படுக்கை, எங்கே காபி என்பதெல்லாம் முடிவாகிவிட்டது.

2025 செப்டம்பர் 22 அவருக்குச் சோதனை நாள். அன்றுமுதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. சின்னவன் 349 சிசி, ஒரு சிசியில் தப்பித்தான். "வரி குறையட்டும்" என்று அதுவரை சொல்லிவந்தவர் அசரவில்லை. "பெரிசுக்கு ஏத்திட்டான், அநியாயம். சின்னதுக்குக் கொறச்சிட்டான், இனி கண்டவனும் வாங்குவான். நாம வாங்குனா என்ன மரியாதை?"

கண்டவர்கள் வாங்கவும் செய்தார்கள். லோக்கலில் அவர் தீர்ப்பைக் கேட்டு வாங்கியவர்களுக்கு சர்வீஸ் தேதியை ஞாபகப்படுத்துவதும் அவர்தான். ஷோரூமிலிருந்து போன் வந்தால் பெட்டியே கேட்கிற மாதிரிப் பேசுவார். அவர் வாங்கவே மாட்டார் என்பது என் கட்சி. வாங்கினால் தவணை கட்டலாம். ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கே போவது?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மதினி கேட்டிருக்கிறாள்: "இந்தத் தடவை அந்த வண்டியில ஊருக்குப் போயிருவமா?"

அண்ணாச்சி மொபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. 60 நாள் முன்பதிவு காலை எட்டு மணிக்குத் திறக்கும். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், கல்யாணில் ஏறவேண்டும்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? 1,600 கிலோமீட்டரு! மனுசன் இடுப்பு என்னத்துக்காவும்?"

"அப்பம் லோயர் பெர்த்தா பாருங்க."